காற்று எங்கோ, கணக்கு இங்கே



மொழி மன்றத்தின் மேடையில் தூய ஆற்றலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் வீட்டு மின்கட்டணச் சீட்டையே எடுத்துப் பார்ப்போம். அதில் 'கே.டபிள்யூ.டி.பி.பி.' என்று ஐந்தெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிதி என்பது அதன் பொருள். 2011 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தோன்றிய இந்நிதிக்கு முதலில் கட்டணத்தில் ஒரு விழுக்காடும், 2014 முதல் 1.6 விழுக்காடும் வசூலிக்கப்பட்டன. மாதம் 300 அலகுக்கு மேற்படாத வீடுகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. கூரையில் சூரியத் தகடு பதித்து மின்சாரம் விற்பவருக்கு 21 ஆண்டுகள் உறுதியான விலை தருவதற்காகவும் இந்தப் பணம் திரட்டப்பட்டது. பணம் கட்டியவர்களில் நாமும் உண்டு. விற்றவர்களில் நம்மவர் எத்தனை பேர்? சொந்தக் கூரையும் முதலும் உள்ளவர், விண்ணப்பத்தைப் படித்தறிய வல்லவர் ஆகியோரே முதலில் போய்ச் சேர்ந்தனர். படிக்கத் தெரியாத வரிக்கு நாம் பணம் மட்டும் கட்டினோம். மொழிக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு இங்கேதான் தொடங்குகிறது.

ஏறத்தாழ இதே வினாவைத் தமிழ்நாட்டின் ஓர் ஊராட்சி வேறொரு வகையில் எழுப்பி, விடையும் கண்டது. கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்து, நீலகிரி மலையடிவாரத்தில் உள்ள ஓடந்துறையே அது. 1996 இல் ஆர். சண்முகம் அதன் தலைவரானார். வீடுகளும் தெருவிளக்குகளும் குடிநீர்க் குழாய்களும் பெருகப் பெருக, ஊராட்சியின் மின்கட்டணமும் ஏறிக்கொண்டே போயிற்று. சில தெருவிளக்குகளைச் சூரிய ஒளிக்கு மாற்றினர். 2003 இல், குடிநீர் இறைப்பதற்காக, மரக்கழிவிலிருந்து எரிவளி உண்டாக்கி இயங்கும் 9 கிலோவாட் நிலையம் ஒன்றை அமைத்தனர். தொடக்கத்தில் அது பயன் தந்தது. ஆனால் மரக்கழிவை நாள்தோறும் விலைகொடுத்துத் தேட வேண்டியிருந்தது.

பிறகு 2006 இல் காற்றாலை வாங்கினர். 350 கிலோவாட் திறனுள்ள அதன் விலை ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 இலட்சம். எஞ்சியது வங்கிக் கடன். ஆண்டுக்குச் சுமார் 6.75 இலட்சம் அலகு கிடைத்தது. ஊரின் தேவை 4.5 இலட்சம். மிகுந்ததை மின்வாரியத்துக்கு விற்று, காற்றாலையின் வருவாயைக் கொண்டே கடனை அடைத்தனர்.

இந்தக் கதையைச் சொல்லுவோர் பெரும்பாலும் ஒரு செய்தியை விட்டுவிடுகின்றனர். அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை! அவ்வூரில் அதற்கேற்ற காற்று இல்லை. அது நிற்பது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி, உடுமலைப்பேட்டைக்கு அருகிலுள்ள மைவாடியில். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று வீசுகின்ற வெளியில். அங்கே பிறக்கும் மின்சாரம் பொதுக் கம்பியில் கலந்துவிடுகிறது. ஓடந்துறைக்குத் தனிக் கம்பி எதுவும் வரவில்லை, கணக்குதான் வந்தது. ஊரின் பெயரில் உரிமை, ஊரின் பெயரில் கடன், ஊரின் பெயரில் வரவு. இயந்திரத்தைவிட இந்த ஏற்பாடே நமக்கு வியப்பளிக்கிறது.

மறுபுறம், இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016 இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. சுமார் 2,500 ஏக்கர் பரப்பு; அந்நாளில் ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின்நிலையங்களுள் ஒன்று. மாநிலத்துக்கு அதனால் விளைந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இத்தகைய நிலையங்கள் கட்டும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தருகின்றன. கட்டி முடிந்தபின் சிலரே போதும், தகட்டைத் துடைப்பதற்குக்கூட இயந்திரம் வந்துவிட்டது. ஊரின் மண்ணில் நின்றாலும் ஊரின் கணக்கில் அது நிற்பதில்லை.

விசை யார் கையில் இருக்கிறது என்பது நமக்குப் பழைய பாடம். தோட்டத்து லயங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டும் இயந்திரம் ஓடி விளக்கெரிந்த காலத்தை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். நிருவாகம் நிறுத்தச் சொன்னால் இருட்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960 இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியோர் மாதம் பத்து வெள்ளி வீதம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினர். நிலத்துக்குச் செய்ததை வெயிலுக்குச் செய்ய இயலாதா?

பினாங்கில் காற்று மெலிது, காற்றாலைக்கு உதவாது. வெயிலோ ஆண்டு முழுவதும் உண்டு. 10 கிலோவாட் தகடுகளுக்கு ஐம்பது, அறுபது சதுர மீட்டர் கூரை வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 அலகு கிடைக்கும். ஒரு கோயில் மண்டபத்தின் கூரைக்கு இது பெரிதன்று. சேடா எனப்படும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையம் ஒருகாலத்தில் பள்ளிகளுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் நல இல்லங்களுக்கும் 'சமூகம்' என்ற தனிப் பிரிவையே வைத்திருந்தது. பின்னர் நிகர அளவீட்டு முறை வந்தது; அந்த வாயிலும் மூடியது. திட்டங்கள் மாறும், விதிகளும் மாறும். மாறும்போது அறிந்து விண்ணப்பிக்க ஆள் வேண்டும்.

இடையூறுகளையும் மறைக்கக் கூடாது. தகடு இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். நம் சங்கங்களின் நிருவாகக் குழு அவ்வளவு காலம் நீடிப்பதில்லை, கணக்கேடும் சில வேளைகளில் பழைய செயலாளரோடு போய்விடுகிறது! ஆகவே தனியொருவர் பெயரில் ஒப்பந்தம் வேண்டா. பதிவுபெற்ற கூட்டுறவின் பெயரில் இருக்கட்டும். மீதமாகும் பணம் மாணவர் நிதிக்கா, மண்டபப் பராமரிப்புக்கா என்பதை முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

மன்றத்திடம் நாம் கேட்பது ஒன்றே. மின்கட்டணச் சீட்டையும் ஒரு சூரிய மின் ஒப்பந்தத்தையும் வரிவரியாகத் தமிழில் விளக்கும் சிறு கையேடு ஒன்றை வெளியிடுங்கள். 'புதுப்பிக்கத்தக்க' என்னும் நீண்ட சொல் நம் பாட்டிமாரின் நாவில் ஏறாது. 'வற்றா ஆற்றல்' என்றால் ஏறும் என எண்ணுகிறோம். அறிஞர்கள் ஆராய்ந்து முடிவு செய்க. இன்று வந்திருப்போரில் பலர் தம் மின்கட்டணச் சீட்டை உடன் கொண்டுவந்திருக்கின்றனர். தேநீருக்குப் பிறகு பின்மேசையில் அவற்றைச் சேர்ந்து படிக்கலாம்.