கதவுக்கு வெளியே யார்?
குறைந்த செலவுத் திகில் படங்களும் நமது பார்வையும்



நினைவுச் சொற்பொழிவில் பேசுவதற்குப் பேய்ப்படம் ஒரு பொருளா என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பேய் இல்லை, பில்லி சூனியம் இல்லை என்று ஊர் ஊராகப் பேசி வந்த மரபு நம்முடையது. அந்த நிலைப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் பேய் இல்லை என்பதால் பயமும் இல்லை என்றாகிவிடாது. ஒரு சமூகம் யாரைக் கண்டு பயப்படுகிறது, யாரைப் பயத்திலேயே வைத்திருக்கிறது, யார் செத்தால் கேள்வி கேட்காமல் கடந்துபோகிறது? சாதியைப் படிக்கிற எவரும் இந்தக் கேள்விகளைத் தவிர்க்க முடியாது. பெரிய நிறுவனங்களின் மரியாதையான படங்கள் பூசி மெழுகும் இந்த விஷயங்களை, கையில் காசில்லாமல் எடுக்கப்பட்ட திகில் படங்கள் பல நேரம் போட்டு உடைத்திருக்கின்றன. அதனால் எங்கள் வட்டத்தில் சில ஆண்டுகளாக இப்படங்களைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, பிறகு விவாதித்து வருகிறோம். அந்த விவாதங்களில் திரண்டதையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

கரும்பாலையில் பிறந்த பிணம்

'ஸோம்பி' என்ற சொல் இன்று கைபேசி விளையாட்டுவரை வந்துவிட்டது. அதன் ஊர் ஹெய்ட்டி. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்கள் பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்துச் செத்த மண் அது. அம்மக்கள் போராடி 1804இல் விடுதலை பெற்றார்கள். அவர்களுடைய நம்பிக்கையில் ஸோம்பி மனிதரைக் கடித்துத் தின்பதில்லை. செத்த பிறகும் எழுப்பப்பட்டு, தன் விருப்பம் என்று ஒன்றில்லாமல் இன்னொருவனுக்காக உழைத்துக்கொண்டே இருக்கும் உடல் அது. சாவிலாவது விடுதலை கிடைக்கும் என்று நினைத்தவருக்கு அதுவும் இல்லை என்பதே அந்தப் பயத்தின் சாரம். பண்ணையடிமை முறையின் நினைவு இன்னும் ஆறாத தஞ்சை மண்ணுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1915 முதல் 1934 வரை அமெரிக்க ராணுவம் ஹெய்ட்டியை ஆக்கிரமித்திருந்தது. அந்த நாட்களில்தான் இந்த நம்பிக்கை பயணக் கதையாக அமெரிக்காவுக்குப் போய்ப் பரவியது. 1932இல் 'ஒயிட் ஸோம்பி' என்ற படம் குறைந்த செலவில் வந்தது. அதில் கரும்பாலைக் காட்சி ஒன்று உண்டு. ஸோம்பிகள் வரிசையாகக் கூடை சுமக்கிறார்கள். ஒருவர் இடறி அரவைக்குள் விழுகிறார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆலையும் நிற்பதில்லை. படத்தின் கவலையோ வேறு. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஸோம்பியாகிவிட்டாளே என்றுதான் அது பதறுகிறது. தலைப்பும் அதைத்தான் சொல்கிறது. அடிமைப்பட்டவரின் துயரத்தை எடுத்துக்கொண்டு ஆண்டவர் வீட்டுப் பெண்ணுக்காக அழும் இந்த வேலையை நம்மூர் சினிமாவிலும் நாம் பார்த்திருக்கிறோம்.

1968: ஒரு வீடு, ஓர் இரவு

முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1968 அக்டோபரில், 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' திரைக்கு வந்தது. பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து எடுத்த படம். மொத்தச் செலவு ஏறத்தாழ 1,14,000 டாலர். கறுப்பு வெள்ளைப் படச்சுருள், ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு, நடிப்பதற்குப் பணம் போட்டவர்களும் ஊர்க்காரர்களும்.

கதை எளிது. செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்கிறார்கள். வயல்வெளியில் தனியே நிற்கும் ஒரு வீட்டில் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களில் நிதானமாக யோசித்து, ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, மற்றவர்களையும் காப்பாற்றப் பார்க்கிறவர் பென். நடித்தவர் டுவேன் ஜோன்ஸ், ஒரு கறுப்பின நடிகர். விடிவதற்குள் மற்ற எல்லோரும் போய்விடுகிறார்கள். பென் மட்டும் நிலவறையில் உயிர் பிழைக்கிறார். காலையில் ஷெரிஃபும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரக் கும்பலும் நாய்களோடு வருகிறார்கள். மீட்க வந்திருக்கிறார்கள் என்று பென் ஜன்னலருகே வருகிறார். நெற்றியில் சுடுகிறார்கள். யார் என்று ஒரு கேள்வி இல்லை. அதற்குப் பிறகு படம் நகர்வதில்லை. புகைப்படங்களாக உறைந்து நிற்கிறது. கொக்கியால் குத்தி இழுக்கப்படும் உடல், விறகுக் குவியல், நெருப்பு.

அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பல் கூடிக் கொன்றபோது, அந்த உடல்களைப் படமெடுத்து அஞ்சல் அட்டைகளாக அச்சடித்து விற்றார்கள். படத்தின் கடைசி நிமிடங்களைப் பார்த்த கறுப்பின மக்களுக்கு அந்த அட்டைகளை யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். முடித்த படத்தை விற்பதற்காக அன்று நியூயார்க்குக்குக் காரில் போய்க்கொண்டிருந்தபோது வானொலியில் அந்தச் செய்தியைக் கேட்டதாக ரொமேரோ பின்னாளில் சொன்னார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பென் கறுப்பினத்தவர் என்று திரைக்கதை குறிப்பிடவில்லை. தேர்வுக்கு வந்தவர்களில் டுவேன் ஜோன்ஸ்தான் நன்றாக நடித்தார், அதனால் எடுத்தோம் என்பதே ரொமேரோ கடைசிவரை சொன்ன பதில். அவருடைய நிறத்தைப் பற்றிப் படத்தில் ஒரு வசனம்கூட இல்லை. அப்படியானால் நாம் பேசும் இந்த அர்த்தம் எங்கிருந்து வந்தது? பார்த்தவர்களிடமிருந்து வந்தது. தம் வாழ்வில் துப்பாக்கியின் எதிர்முனையில் நின்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பேசினார்கள், எழுதினார்கள். இயக்குநர் நினைக்காததையும் அவர்கள் அதில் படித்தார்கள். அவர்கள் படித்தது சரியாகவும் இருந்தது. படைப்பாளியின் நோக்கம் என்ன என்று கேட்டு நம் வாயை அடைக்கும் விமர்சகர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்கிறோம்.

படம் பரவிய விதமும் நாம் அறிய வேண்டியது. விநியோக நிறுவனம் தலைப்பை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு பிரதியிலிருந்து விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச் சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய பணம் பெரும்பகுதி சேரவில்லை, அது அநியாயம்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் பிரதி போடலாம், யார் வேண்டுமானாலும் திரையிடலாம் என்றானது. நள்ளிரவுக் காட்சிகளிலும் தொலைக்காட்சியிலும் ஒளிநாடாக்களிலும் அது ஓடிக்கொண்டே இருந்தது. மாணவர்களே, இன்றும் இதை நீங்கள் காசு கொடுக்காமல், சட்டத்தை மீறாமல் பார்க்கலாம்.

1968 என்று சொல்லும்போது நமக்கு இன்னொரு வீடும் நினைவுக்கு வருகிறது. படம் வெளியாகி மூன்று மாதம்கூட ஆகாத டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள் உயிருக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒடுங்கின. குடிசை கொளுத்தப்பட்டது. குழந்தைகளும் பெண்களும் முதியவர்களுமாக 44 பேர் எரிந்துபோனார்கள். இரண்டையும் நாங்கள் ஒப்பிடவில்லை. ஒன்று கதை, மற்றது நம் மக்களின் சாவு. ஆனால் எங்கள் வட்டத்தில் இந்தப் படத்தைப் போட்ட அன்று விவாதம் தானாகவே வெண்மணிக்குப் போனது. "படத்தில் வீட்டைச் சுற்றி நின்றவர்கள் செத்தவர்கள். வெண்மணியில் நின்றவர்கள் உயிரோடு இருந்தார்கள், ஊருக்கெல்லாம் தெரிந்தவர்கள்" என்றார் ஒரு மாணவி. அந்த நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது நாம் அறிந்த வரலாறு. கதவுக்கு வெளியே யார் என்று தெரிந்திருந்தும் சட்டம் தெரியாததுபோல் இருந்துவிட்டது.

வண்டியின் விளக்கு

டுவேன் ஜோன்ஸ் 1973இல் 'கான்ஜா அண்ட் ஹெஸ்' படத்தில் நடித்தார். எழுதி இயக்கியவர் பில் கன், கறுப்பினப் படைப்பாளி. முந்தைய ஆண்டு ஓடிய 'பிளாக்குலா' போல இன்னொரு ரத்தக்காட்டேரிப் படம் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பணம் கொடுத்தார்கள். அவரோ அடிமைப் பழக்கம், சமயம், பணக்காரக் கறுப்பினத்தவரின் தனிமை பற்றிப் படம் எடுத்துக் கொடுத்தார். கான் விழாவில் திரையிடப்பட்ட அந்தப் படத்தைத் தயாரிப்பாளர்கள் பிறகு வெட்டிச் சிதைத்து வேறு தலைப்பில் ஓட்டினார்கள். நவீன கலை அருங்காட்சியகத்தில் மூலப்பிரதி ஒன்று இருந்ததால் படம் பிழைத்தது. பேயாக வந்து பயமுறுத்த நமக்கு இடமுண்டு, பேயைப் பற்றிச் சிந்திக்க இடமில்லை என்பதுதான் சந்தையின் விதி. ஆவணப்படுத்தலின் அருமையையும் இங்கேதான் உணர்கிறோம்.

2017இல் ஜோர்டன் பீல் 'கெட் அவுட்' எடுத்தார். செலவு 45 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. வெள்ளைக்காரக் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் போகும் கறுப்பின இளைஞன் அங்கே மாட்டிக்கொள்கிறான். கறுப்பின உடல்களைத் திருடி, வயதான வெள்ளையர்களின் மூளையைப் பொருத்தும் வீடு அது. அவன் போராடித் தப்பிச் சாலைக்கு வருகிறான். அப்போது போலீஸ் வண்டியின் விளக்கு போல ஒன்று சுழல்கிறது. மற்றத் திகில் படங்களில் அந்த விளக்கு வந்தால் பயம் முடிந்தது என்று பொருள். இங்கே அந்த நொடியில்தான் பயம் உச்சத்துக்குப் போகிறது. வந்தவன் அவனுடைய நண்பன் என்று தெரிந்தபின்தான் மூச்சு வருகிறது. அவன் கைதாகிச் சிறையில் இருப்பதாக முதலில் ஒரு முடிவையும் பீல் எடுத்து வைத்திருந்தார், பிறகு மாற்றினார். பென்னைச் சுட்ட ஊரில் அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒருவன் உயிரோடு வீடு திரும்புகிறான். சேரிக்குள் ராத்திரியில் ஜீப் நுழைவதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சிக்குத் துணைத்தலைப்பு தேவைப்படவில்லை.

நம் கையில் இருப்பது

1966இல் அங்கே கருஞ்சிறுத்தைகள் எழுந்தார்கள். அந்தப் பெயரை ஏற்று 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். பெயரை எடுத்துக்கொண்ட நாம் பார்வையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நம்மிடமும் சரக்கு இல்லாமல் இல்லை. கழுவேறிய காத்தவராயனும் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனும் அநியாயச் சாவு செத்தவர்கள். கொன்ற ஊர் பிறகு பயந்தது, பீடம் போட்டுக் கும்பிட்டது. பிறகு அவர்களுக்கு மேலான பிறப்பு ஒன்றையும் கதையில் சேர்த்துக்கொண்டது. தரை டிக்கெட் மக்கள் கொண்டாடிய 'ஜகன்மோகினி'யில் அடுப்புக்கு விறகாகத் தன் காலையே வைக்கும் பேயைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். குடும்பத்துக்காகத் தன் உடம்பையே எரிக்கும் பெண் யார் என்று கேட்கவில்லை. 'முனி'யில் பேயாக வருகிறவர் குப்பத்து மக்களுக்காக நின்று, அரசியல்வாதியால் கொல்லப்பட்டவர். உயிரோடு இருந்தபோது கிடைக்காத நீதியைச் செத்தபின் கேட்கிறார். நீதிமன்றத்தில் கிடைக்கும் என்று அந்தக் கதைக்கே நம்பிக்கை இல்லை.

எனவே தோழர்களே, பேய்ப்படம் பார்ப்பதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க வேண்டாம். தனியாகக் கைபேசியில் பார்த்துவிட்டுத் தூங்கவும் வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து பாருங்கள். பார்த்தபின் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் படம் யாரைக் கண்டு பயப்படச் சொல்கிறது? பேயானவரை முதலில் கொன்றது யார்? விடிந்தபின் வருகிற கூட்டம் யாரை மீட்கிறது, யாரைச் சுடுகிறது?

பேய் இல்லை என்று சொல்லும் பகுத்தறிவு இந்த மூன்றுக்கும் பதில் தேடும்போதுதான் முழுமையடையும். நாம் இன்று நினைவுகூரும் தோழர்கள் யாரும் திரும்பி வரப்போவதில்லை. அவர்கள் கேட்டுவிட்டுப் போன கேள்விகளைக் கேட்க நாம்தான் இருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் 1968ஆம் ஆண்டுப் படத்தைத் திரையிட்டு, விவாதத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறோம். படிக்கிற பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.