ஆறாம் இடத்துக்கும் ஒரு புள்ளி

 

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆடவர் டென்னிஸ் அணிக்கு 1966 முதல் 2004 வரை, 38 ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்தவர் டிக் கூல்ட். அவர் காலத்தில் அணி 17 முறை தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றது, முதலாவது 1973-ல். ஜான் மெக்கன்ரோ 1978-ல் அவரிடம் ஆடியவர். பிரையன் சகோதரர்கள் இடம்பெற்ற 1998 அணி ஒரு போட்டியில்கூடத் தோற்கவில்லை.

கல்லூரி டென்னிஸ் போட்டியில் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள். முதல் இடத்தில் மெக்கன்ரோ ஜெயித்தாலும் ஒரு புள்ளி. ஆறாம் இடத்துப் பையன் ஜெயித்தாலும் அதே ஒரு புள்ளி! நட்சத்திரம் ஒருவரை வைத்து அணி ஜெயிக்க முடியாது.

நம் வீடுகளிலோ முதல் ராங்க்குக்கு மட்டுமே கைதட்டல். இன்று பரிசில்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, உங்கள் புள்ளியும் எங்களுக்கு வேண்டும்.