பல்லடுக்கு வில்லையும் பன்னிற ஒளியும்
(தருமபுரியில் ஆற்றிய உரை)

 

"விளிம்பு விளைவால் யாது பயன், ஐயா?" என மாணவன் ஒருவன் வினவினான். அவனுக்குரைத்த விடையையே ஈண்டு உரைக்கின்றேன்.

சவ்வாது மலைக் காவலூரில் 1986-இல் திறக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கி திரட்டும் விண்மீன் ஒளியை, விளிம்பு விளைவுக் கீற்றணியே நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டுகின்றது. வில்லையின்மேல் வட்ட வட்டமாய் நுண்படிகள் அமைத்தாலோ, அவ்விளைவே ஒளியைக் குவிக்கும்.

ஆயின் ஒரு குறை. 550 நானோமீட்டர் பச்சைக்கெனப் படியுயரம் வகுத்தால், கொள்கையளவில் அவ்வொளி முழுதும் உரிய இடம் சேரும். 400 நானோமீட்டர் ஊதாவில் ஏறத்தாழ 61 விழுக்காடும், 700 நானோமீட்டர் சிவப்பில் 86 விழுக்காடுமே சேரும். எஞ்சியது புறம்போய்ப் படத்தின்மேல் மூடுபனிபோற் படியும்.

மருந்து யாது? நிறப்பிரிகையில் வேறுபட்ட இரு பொருள்களின் படிகளை, ஒன்று தரும் அலைப்பிந்தலின் ஒரு பகுதியை மற்றது ஈடுசெய்யுமாறு எதிரெதிரே அடுக்குவதே. உயரங்களைச் சரியாகக் கணித்தால், தேர்ந்த இரு நிறங்களுக்கும் எஞ்சும் வேறுபாடு ஓர் அலைநீளமாகும். இடைப்பட்ட நிறங்களும் அதனை ஒட்டியே நிற்கும். கட்புலனாகும் ஒளி முழுமையிலும் செயல்திறன் 95 விழுக்காட்டையும் கடக்கும். 2001-இல் சப்பானின் கேனான் நிறுவனம் இம்முறையில் 400 மில்லிமீட்டர் ஒளிப்பட வில்லையொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது.

விலையின்றி ஏதும் கிட்டாது. படிகள் உயர்தலின் சாய்ந்துவரும் ஒளி இழப்புறும். இரு தட்டுகளும் இம்மியும் பிறழலாகாது.

இவ்வளவும் தமிழிலேயே கேட்ட அம்மாணவன், "மூன்றடுக்கு வைத்தால், ஐயா?" என்றான். நன்று கேட்டான்! மூன்று நிறங்களுக்குப் பொருத்தலாம். புரிந்தவனே அடுத்த வினா தொடுப்பான்; புரியும் மொழியிற் கற்பிப்போம்.