முதல் பந்தி, இரண்டாம் பந்தி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். "என்ன வேணும்னாலும் பேசுப்பா, சாப்பாட்டு நேரத்தை மட்டும் தாண்டிடாதே" என்றார். எதுக்கு வம்பு, சாப்பாட்டு நேரத்தைப் பற்றியே பேசிவிடலாம் என்று வந்து நிற்கிறேன்.

"பந்திக்கு முந்து" என்பது நமக்குச் சொல்லிக்கொடுக்காமலே வந்த பாடம். நம்ம விருதுநகர்ப் பக்கம் கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் கிடைக்காவிட்டால், சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னாலேயே போய் நின்றுகொள்வோம். அவர் மோருக்கு வந்துவிட்டாரா, இன்னும் ரசத்திலேயே இருக்கிறாரா என்று இலையை எட்டி எட்டிப் பார்ப்போம். நடுக்கடலிலும் இந்தப் பந்திப் பிரச்சினை உண்டு என்பது 2018-இல்தான் எனக்குத் தெரிந்தது.

அப்போது நான் சிங்கப்பூரில் வேலையில் இருந்தேன். அம்மாவும் அப்பாவும் வந்து ஒரு மாதம் எங்களோடு தங்கியிருந்தார்கள். ஊருக்குத் திரும்புமுன் ஒரு சந்தோஷமாக இருக்கட்டும் என்று மூன்று இரவு உல்லாசக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்தேன். பதியும்போது ஒரு கேள்வி வந்தது: இரவுச் சாப்பாடு முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா?

காரணம் எளிய கணக்குதான். கப்பலில் பயணிகள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். சாப்பாட்டுக் கூடத்தில் அதில் பாதிப் பேர்தான் உட்கார முடியும். ஒரு பந்தி முடிய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேசையைத் துடைத்து, விரிப்பு மாற்றி, மறுபடி அடுக்க வேண்டும். அதனால் ஆறே கால் மணிக்கு ஒரு பந்தி, எட்டரைக்கு ஒரு பந்தி. கடைசி நாள் வரை அதே மேசை, அதே பரிமாறுபவர், பக்கத்தில் அதே முகங்கள். இந்த வழக்கம் வேண்டாம், பிடித்த நேரத்தில் வந்து சாப்பிடலாம் என்று 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன் ஒரு முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் இரண்டையும் வைத்திருக்கின்றன. நாங்கள் போனது பழைய முறைக் கப்பல்.

நான் எட்டரை என்று அடித்துவிட்டேன். ஆறே காலுக்குச் சாப்பிடுவது குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும், நம்ம மாதிரி ஆட்களுக்கு எட்டரைதான் கௌரவம் என்று ஒரு நினைப்பு. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் அம்மா சிவகாசிப் பக்கம் பயர் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். வெயில் ஏறிவிட்டால் மருந்துக்கு ஆபத்து என்பதால் வேலை விடியலிலேயே தொடங்கிவிடும். நாலு மணிக்கு எழுந்து சோறு பொங்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, ஆபீஸ் வண்டி வருமுன் தெருமுனையில் நிற்க வேண்டும். மத்தியானம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, அறையை விட்டுத் தள்ளி வந்து வேப்பமரத்தடியில் சாப்பாடு. ராத்திரி இருட்டினதும் சாப்பாடு, ஒன்பது மணிக்குத் தூக்கம். வேலையை விட்டு வருஷங்கள் ஆனாலும் அந்த உடம்புக்கு அந்த நேரம்தான். போதாததற்கு சர்க்கரை மாத்திரை வேறு.

முதல் நாள் ராத்திரி எட்டரைக்கு உட்கார்ந்தோம். சூப் வந்து, அடுத்தது வந்து, எங்களுக்குச் சொல்லியிருந்த சைவச் சாப்பாடு வரும்போது மணி ஒன்பதரை. அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். தொட்டு எழுப்பினால் கை சில்லென்று வேர்த்திருந்தது. பரிமாறுபவர் ஓடிப்போய்ப் பழச்சாறு கொண்டுவந்து கொடுத்தார். நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார்.

"ஏம்மா, மேல்தளத்துல எந்நேரமும் சாப்பாடு இருக்குதே, ஆறு மணிக்கே பசிக்குதுன்னு சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன். "எல்லாரும் ஒண்ணா சாப்பிடணும்னு நீ ஆசைப்பட்டே. அவங்க போட்ட நேரத்தை நாம எப்படிப்பா மாத்தச் சொல்றது?" என்றார்.

மறுநாள் காலையில் சாப்பாட்டுக் கூடத்துத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டினார். முதல் பந்தி நிரம்பித்தான் இருந்தது. ஆனாலும் சிறு குழந்தைகள், வயதானவர்கள், நோயாளிகள் கேட்டு வருவார்கள் என்று சில மேசைகளைக் கையில் வைத்திருப்பாராம். நாலு பேருக்கு இடம் போட்டுக் கொடுத்துவிட்டு ஒன்று சொன்னார்: "கப்பல் ஏறிய அன்றே கேட்டிருக்கலாமே. மாற்றுவதற்காகத்தானே முதல் நாள் மத்தியானம் முழுக்க இங்கே உட்கார்ந்திருந்தேன்."

அந்த வார்த்தை என்னைத் தூக்கிக்கொண்டுபோய் நம் விடுதியில் போட்டுவிட்டது.

மூன்றாம் ஆண்டில் நான் மெஸ் செயலாளர். என் வகுப்புத் தோழர்களுக்கு நினைவிருக்கும். ஏழரைக்கு சீனியர் பந்தி, எட்டேகாலுக்கு ஜூனியர் பந்தி. இரண்டாம் பந்திக்கு அப்பளம் வராது, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். முதலாண்டுத் தம்பி ஒருவன் என்னிடம் வந்தான். "அண்ணே, என்னை முதல் பந்திக்கு மாத்திவிடுங்கண்ணே" என்றான். காரணத்தைக் கேட்காமலே, "லிஸ்ட் போட்டாச்சுடா, ஒருத்தனுக்கு மாத்துனா எல்லாரும் வருவாங்க" என்று அனுப்பிவிட்டேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்தத் தம்பியின் அம்மாவும் பயர் ஆபீஸ்தான். அவர்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு செல்போனில் ராத்திரி எட்டேகாலுக்குத்தான் பேச விடுவார்கள். பேசி முடித்து வருவதற்குள் மெஸ்ஸில் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். அந்தப் பருவத்தில் பல நாள் அவன் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறான். இது எனக்குத் தெரிந்தது கல்லூரி முடிந்த பிறகு, வேறொரு நண்பன் சொல்லி. பயர் ஆபீஸ் வீட்டில் பிறந்த எனக்கே ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கப்பலில் முகம் தெரியாத ஒருவர் செய்ததை, சொந்தத் தம்பிக்கு நான் செய்யவில்லை.

சாப்பாட்டு நேரம் வசதியான இடத்தில் இருப்பவருக்கு வெறும் கடிகாரம். கேட்கத் தயங்குகிறவருக்கு அது பட்டினி. இதை நம் மண் அறியாததில்லை. விருதுநகரில் பிறந்த காமராசர்தான் முதலமைச்சராக இருந்து 1956-இல் பள்ளியில் மதிய உணவைக் கொண்டுவந்தார். மத்தியானத்துக்குச் சோறு வந்தது. காலை வயிறு காலியாகத்தான் இருந்தது. அம்மா விடியலிலேயே வேலைக்குப் போய்விடும் நம் பகுதிக்கு அது நன்றாகத் தெரியும். 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பிள்ளை எப்போது பசியோடு இருக்கிறான் என்று பார்த்து நேரத்தை வைத்தால் அதுதான் சரியான நேரம்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒத்துவராத நேரத்தை யாராவது போட்டால் முதல் நாளே போய்க் கேளுங்கள். மரியாதையாக, காரணத்தோடு கேளுங்கள். இன்றைய மெஸ் செயலாளர் இங்கே இருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை: பட்டியல் போடும்போது நாலு இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள். யாராவது கேட்டு வந்தால், ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். அழைப்பிதழில் ஏழரைக்கு முன்னாள் மாணவர், எட்டரைக்கு இந்நாள் மாணவர் என்று போட்டிருக்கிறது. இந்தப் பிள்ளைகள் காலை ஆறு மணியிலிருந்து பந்தல் கட்டி, நாற்காலி சுமந்து, வாசலில் நின்று நமக்குச் சந்தனம் கொடுத்தவர்கள். செயலாளர் அண்ணன் அனுமதித்தால் இதை மாற்றிவிடலாம். முதல் பந்தியில் அவர்கள் உட்காரட்டும், நாம் பரிமாறுவோம். சாம்பார் வாளியை நான் எடுத்துக்கொள்கிறேன், பருப்பு அடியில் தங்காமல் கலக்கி ஊற்றுவேன்.