எழுதி வைக்கும் கடமை

மைசூருவில் இருந்த கீழ்த்திசை நூலகத்திற்குத் தஞ்சை மாவட்டப் பண்டிதர் ஒருவர் ஓலைச்சுவடி ஒன்றை அளித்தார். கிரந்த எழுத்தில் அமைந்த அச்சுவடி கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்பதை நூலகர் ஆர். சாமசாஸ்திரி 1905-இல் கண்டறிந்தார். 1909-இல் அது அச்சேறியது. யாரோ ஒருவர் பொறுமையுடன் படியெடுத்திராவிடில் அந்நூல் நமக்குக் கிட்டியிராது.

அந்நூலின் இரண்டாம் பகுதி ஏடு எழுதும் முறையைக் கூறுகின்றது. தொழிற்சாலைகளில் பயன்பட்ட பொருள், பெருக்கம், குறைவு, செலவு, கூலி ஆகியவற்றைப் பதிய வேண்டும். முறைதவறி எழுதுவோர்க்குத் தண்டம் உண்டு. எழுத்துக்கு வரிசை, தொடர்பு, நிறைவு, தெளிவு முதலிய ஆறு குணங்களும் வகுக்கப்பட்டுள்ளன.

இன்று புதிய இயந்திரமோ மென்பொருளோ உருவாக்கும் பணியை நடத்துவோர்க்கும் இஃது பொருந்தும். ‘அளவை மாற்றினோம்’ என்று மட்டும் எழுதுதல் போதாது. என்று, யார் இசைவுடன், எக்காரணத்தால் மாற்றினோம் என்பதையும், ஆராய்ந்து கைவிட்ட வழிகளையும் அன்றே குறித்தல் வேண்டும். வரைபடம் ஒவ்வொன்றிலும் திருத்த எண்ணும் நாளும் இருத்தல் வேண்டும். இல்லையேல், நாம் செய்து தோற்ற சோதனையையே பின்வருவோர் மீண்டும் செய்து பொருளையும் காலத்தையும் இழப்பர்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். இன்று மைசூருவில் இருப்போர்க்கு நாளை புனேக்கு மாற்றல் வரலாம். நம் இடத்தில் அமர்பவர் கன்னடராயினும் வங்கத்தவராயினும், நாம் விட்டுச்சென்ற குறிப்பே அவருக்குத் துணை. ஆகவே, மாலையில் மேசையை விட்டு எழுமுன், அன்றைய முடிவுகளைப் பத்து வரிகளிலேனும் எழுதி வைப்போமாக.