சமாதானம் என்பது தலைகுனிதல் அன்று



நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள், அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ சமாதானம் என்பதாகும். நம்மிடையே கிறிஸ்தவர்களும் உளர். ஏனைய சமயத்தினரும் உளர். எனினும் இப்பொருள் அனைவர்க்கும் உரியதே.

போடிமெட்டுச் சரிவில் வாழும் நமக்கு மனக்கசப்பிற்குக் காரணங்கள் குறைவில்லை. பொழுது புலருமுன் ஜீப்பில் நெருக்கியமர்ந்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்கிறோம். மேற்பார்வையாளரின் கடுஞ்சொல், கூலியில் பிடித்தம், சாதிச் சான்றிதழுக்காக அலுவலகத்திற்கு நடக்கும் நடை, தேநீர்க் கடையில் ஓர் ஏளனப் பார்வை ஆகிய யாவும் நெஞ்சில் சேர்ந்து கனல்கின்றன. அக்கனல் எங்கே இறங்குகிறது? கடுஞ்சொல் சொன்னவர்மீது இறங்குவதில்லை. மாலையில் மனைவிமீது இறங்குகிறது, பின்னர்க் குழந்தைமீது, குழந்தையிடமிருந்து வகுப்பில் அருகே அமர்ந்திருக்கும் பிள்ளைமீது. மலைநீர் பள்ளம் நோக்கி ஓடுவதுபோல் சினமும் எளியவரை நோக்கியே ஓடுகின்றது. பள்ளிப் பணியில் இதனை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

ஊர் அளவிலும் இவ்வாறே நிகழ்கின்றது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது, இடுக்கி மலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையை விட்டு அஞ்சி இறங்கி வந்தனர். கீழே தேனி மாவட்டத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அணையின் நீர்மட்டத்தை முடிவு செய்யும் அதிகாரம் அத்தொழிலாளருக்கும் இல்லை, அக்கடைக்காரருக்கும் இல்லை. முடிவு 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் கிடைத்தது. 142 அடி வரை நீர் தேக்கலாம் எனத் தீர்ப்பாயிற்று. சாலையில் எறிந்த கல் அதனைப் பெற்றுத் தரவில்லை.

1989இல் போடியில் மூண்ட சாதிக் கலவரத்தை நம் மூத்தோர் மறக்கவில்லை. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. ஆகவே சமாதானம் என்னும் சொல்லை நாம் எளிதாகப் பேசுவதற்கில்லை. “அடங்கிப் போ” என்பதற்கு மாற்றுச் சொல்லாக அதனைப் பிறர் நமக்குக் கூறியதும் உண்டு. இளைஞர்கள் அச்சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கின்றது.

ஆனால் இயேசுபிரான் காட்டிய சமாதானம் அத்தகையதன்று. எபிரேய மொழியில் ‘ஷாலோம்’ என்பது சண்டையின்மையை மட்டும் குறிப்பதன்று. குறைவற்ற நல்வாழ்வையும் குறிப்பது. விசாரணையின்போது சேவகன் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். அவர் திருப்பி அறையவில்லை. வாய்மூடி நிற்கவும் இல்லை. தாம் பேசியதில் தவறு என்ன, பேசியது சரியெனில் அடித்தது ஏன் என்று அவனையே கேட்டார். கை ஓங்காமல், கேள்வியை உரியவனிடமே கேட்பதுதான் அந்தச் சமாதானம்.

அண்ணல் அம்பேத்கர் கிறிஸ்தவர் அல்லர். எனினும் அவரிடத்தும் இவ்வுறுதியைக் காண்கிறோம். 1927 மார்ச்சில் மகத் நகரின் சவுதார் குளத்தில் நம் மக்கள் நீர் பருகியபின் தாக்கப்பட்டனர். பதிலுக்குத் தாக்கத் துடித்தவர்களை அவர் அடக்கினார். ஆனால் விட்டுவிடவில்லை. தாக்கியோர்மீது வழக்கு நடந்து சிலர் தண்டனை பெற்றனர். குளத்தின்மீதான உரிமை 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. பத்தாண்டுகள் தணியாமலும் பொங்காமலும் காத்த கனல் அது.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் பணி செய்தோர் இதனை நன்கு அறிவர். சூடு இல்லையேல் காய் பூஞ்சை பிடிக்கும். சூடு மிகுந்தால் காய் வெடித்துப் பச்சை நிறம் கெடும். அளவான சூட்டை இரவெல்லாம் விழித்துக் காப்பவரே நல்ல சரக்கை ஏலச் சந்தைக்கு அனுப்புகிறார். சினமும் அவ்வாறு காக்கப்பட வேண்டியதே.

எனவே இளைஞர்களே, கூலியில் குறை கண்டால் நாளும் தொகையும் குறித்து வையுங்கள். இருவராகச் சென்று கேளுங்கள். அலுவலகத்தில் மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். சாதியைச் சொல்லி இழிவு செய்தால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது; புகார் எழுதுங்கள். அதற்கே நமக்குக் கல்வி வேண்டும்.

வீட்டு வாசலில் கால் வைக்கும்போது முதற்சொல் அன்புச் சொல்லாக இருக்கட்டும். எவ்வீட்டில் நுழைந்தாலும் முதலில் சமாதானம் கூறுமாறு இயேசு தம் சீடரைப் பணித்தார். அவ்வீடுகளுள் நம் வீடும் ஒன்றன்றோ! தோட்டத்தில் பட்ட அவமதிப்பைக் குழந்தைக்குச் சொத்தாக வைக்காமல், புத்தகத்தை வைப்போம்.

நம் கழகம் மேலும் வளர்க! நம் இல்லங்களில் சமாதானம் தங்குக!