நானும் என் கருவிகளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீதான் பெரிய கருவிப் பைத்தியமாச்சே, எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாதுன்னு பத்து நிமிஷம் பேசேன்" என்றார். பைத்தியம் என்று அவர் சொன்னதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தொண்ணூறுகளில் இங்கே விடுதியில் என் பெயர் 'ஸ்க்ரூடிரைவர்'. ஓடாத பொருளை மட்டுமல்ல, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொருளையும் பிரித்துப் பார்ப்பேன். என் அறைத்தோழனின் டூ-இன்-ஒன்னைப் பிரித்துத் திரும்பப் பூட்டியபோது இரண்டு ஸ்க்ரூ மிச்சம். "அது கம்பெனிக்காரன் தெரியாமல் அதிகமாகப் போட்டது" என்று சமாளித்தேன். அந்த டூ-இன்-ஒன் அதன்பிறகு பாடவே இல்லை. அந்த நண்பன் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

அப்போது பென்னலூர் என்றால் பஸ் கண்டக்டருக்கே இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர். 1991-க்குப் பிறகு ராஜீவ் காந்தி மறைந்த ஊர். அவ்வளவுதான் வெளியில் தெரியும். பிறகு நம் கண்ணெதிரே எல்லாம் மாறியது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் சான்ட்ரோ கார் வந்தது. 2006-இல் நோக்கியா, 2007-இல் சாம்சங், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. நாங்கள் பத்திரிகையில் படமாகப் பார்த்து ஏங்கிய பொருள்களெல்லாம் இன்று இதே சாலையில் கண்டெய்னரில் போகின்றன. அதனால் பொருள்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. இனி நான் சொல்வதெல்லாம் என் சொந்த அபிப்பிராயம். சண்டைக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வரவும்.

முதலில் டிவி. விடுதிக் கூடத்தில் ஒரே டிவி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் வந்தால் ஜன்னலில்கூட ஆள் தொங்கும். வாரம் அரை மணி நேரம். அந்தப் பாட்டையே அடுத்த வெள்ளி வரை பேசிக்கொண்டிருப்போம். இன்று என் வீட்டில் ஆயிரம் படம் இருக்கிறது. நாற்பது நிமிடம் எதைப் பார்ப்பது என்று தேடிவிட்டு, கொட்டாவி விட்டுத் தூங்கப் போகிறோம். குறை படங்களிடம் இல்லை. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறதே, அந்த வசதியைத்தான் நான் முதலில் அணைத்தேன். போதும் என்று நான் சொல்ல வேண்டும், டிவி சொல்லாது.

"எத்தனை இன்ச் வாங்கலாம், 4கே வேண்டுமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாம் இன்ஜினீயர்கள்தானே. 43 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர். ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்தால் சாதாரணக் கண்ணால் அந்தப் புள்ளியைப் பிரித்துப் பார்க்க முடியாது. அதை நான்காக வெட்டினாலும் பத்தடி தள்ளி சோபாவில் இருக்கும் மாமனாருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவருடைய உண்மையான புகார், "வசனம் புரியலப்பா" என்பது. டிவி மெலிய மெலிய உள்ளே ஸ்பீக்கருக்கு இடம் இல்லாமல் போயிற்று. பெரிய திரைக்குக் கொடுக்கும் காசில் பாதியை நல்ல ஸ்பீக்கருக்குக் கொடுங்கள்.

அடுத்து சமையலறை. என் வீட்டிலேயே சிறந்த இன்ஜினீயரிங் எது என்று கேட்டால், என் லேப்டாப்பைக் காட்ட மாட்டேன், வெட் கிரைண்டரைக் காட்டுவேன். மிக்ஸி பிளேடு பல ஆயிரம் சுற்றுச் சுற்றி மாவைச் சூடாக்கும். கல் மெதுவாகச் சுற்றும், மாவு சூடேறாது, உளுந்து பொங்கி வரும். நம்ம கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதற்காகப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பெல்ட் அறுந்தால் தெருமுனைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். கல் தேய்ந்தால் கொத்திக்கொள்ளலாம். அதற்கு பாஸ்வேர்டு கிடையாது.

இதைச் சொல்லும் நானே வீடு முழுக்க வைஃபை பல்பு மாட்டியவன். ஒரு நாள் நடுராத்திரி கரண்ட் போய் வந்தது. எல்லா அறையிலும் பல்பு தானாக முழு வெளிச்சத்தில் எரிந்தது. நான் தூக்கக் கலக்கத்தில் போனைத் தேடினேன், ஆப்பைத் திறந்தேன், அது அப்டேட் கேட்டது. அம்மா எழுந்து வந்து, "ஏண்டா, அந்தச் சுவிட்ச் உனக்கு என்ன பாவம் செய்தது?" என்று கேட்டார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சிரித்தது போதும். இனி சொல்வதற்காகத்தான் நான் இன்று வந்தேன்.

2015 டிசம்பர் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அப்போது நாங்கள் முடிச்சூர் பக்கம் குடியிருந்தோம். ராத்திரியே கரண்ட் போய்விட்டது. விடிந்து பார்த்தால் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். நான் பெருமையாக வாங்கி வைத்திருந்த இன்வெர்ட்டர், பேட்டரியோடு அதற்குள். புதன் மதியம் என் ஸ்மார்ட்போன் உயிரை விட்டது. மனைவியின் போன் சாயங்காலம். பவர் பேங்க்கில் சார்ஜ் போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. வாங்கும் பழக்கம் மட்டும்தான் இருந்தது.

அப்பாவுக்கு அப்போது வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். திங்கள், வியாழன். தள்ளிப் போட முடியாது. தள்ளிப் போனால் உடம்பில் நீர் சேரும், பொட்டாசியம் ஏறும், இதயத்துக்கு ஆபத்து. புதன் ராத்திரி அப்பாவுக்குக் கால் வீங்கியிருந்தது. "ஒண்ணுமில்லடா, வெள்ளம் வடிஞ்சிடும்" என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

வீட்டில் உயிரோடு இருந்த ஒரே போன் அம்மாவின் பழைய நோக்கியா. பட்டன் போன். ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் போட்டது, இன்னும் இரண்டு கோடு மிச்சம். இரண்டு ராத்திரியும் எங்களுக்கு விளக்கே அதன் டார்ச்தான். நான் பல தடவை அந்தப் போனைத் தூக்கிப் போடச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். மாடிக்குப் போனால் ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போனது.

போன் கையில் இருக்கிறது. யாரைக் கூப்பிடுவது? என் தம்பி நம்பர் தெரியாது. ஆபீஸ் நம்பர் தெரியாது. ஆஸ்பத்திரி நம்பர் தெரியாது. எண்ணூறு பேர் நம்பர் வைத்திருந்தவன் நான். எண்ணூறும் அந்தச் செத்த போனுக்குள். ஒன்றுகூட மண்டைக்குள் இல்லை. இத்தனை வருட அனுபவத்தில் அவ்வளவு முட்டாளாக நான் என்றும் உணர்ந்ததில்லை.

அம்மா ஒன்றும் பேசவில்லை. சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றி, அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பென்சிலில் பதினைந்து நம்பர். பால்காரர், எலக்ட்ரீஷியன், ஆஸ்பத்திரி. நடுவில், "ரேடியோ ரிப்பேர் ஆன பையன்" என்று எழுதி ஒரு நம்பர். என் அறைத்தோழன்தான். தீபாவளிக்கு வந்தபோது அம்மா கேட்டு எழுதி வைத்திருக்கிறார்.

வியாழன் விடிகாலை அவனைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டது. பத்து மணிக்கு, மீனவர்கள் கொண்டுவந்திருந்த ஒரு படகில் எங்கள் தெருவுக்குள் வந்தான். அப்பாவை நாற்காலியோடு இறக்கினோம். சாயங்காலம் டயாலிசிஸ் நடந்தது. அப்பா அதன்பிறகு மூன்றரை வருடம் இருந்தார். பேத்தி பள்ளிக்கூடம் போவதைப் பார்த்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு அம்மாவின் போனை, பழக்க தோஷம், பிரித்துப் பார்த்தேன். நகத்தால் நெம்பினால் மூடி வந்துவிடும், பேட்டரி கையில் வரும். அடியில் 'மேட் இன் இந்தியா' என்று ஸ்டிக்கர். நோக்கியாவுக்கு இந்தியாவில் இருந்த போன் தொழிற்சாலை ஒன்றே ஒன்று, நம் ஸ்ரீபெரும்புதூரில். அது 2014 நவம்பர் முதல் தேதியே உற்பத்தியை நிறுத்திவிட்டது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். தொழிற்சாலை மூடி ஒரு வருடம் கழித்து, அவர்களில் யாரோ பூட்டிய போன் எங்கள் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தது. அந்தப் பெண் யாரென்று தெரியாது. தெரிந்தால் இந்த மேடைக்கே கூட்டி வந்திருப்பேன்.

மாணவச் செல்வங்களே, பழையதெல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. நான் இன்றும் புதுப் போன் வந்தால் முதல் வாரமே கடையில் நிற்கிறவன். ஆனால் வாங்குவதற்கு முன்னால் இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். கரண்டும் நெட்டும் இல்லாதபோது இது என்ன செய்யும்? கெட்டுப் போனால் ரிச்சி தெருவிலாவது இதைத் திறக்க ஆள் உண்டா? இது வந்த பிறகு எனக்குத் தெரிந்த எந்த வேலையை நான் மறக்கப் போகிறேன்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். பொருளை மட்டும் நாம் வாங்குவதில்லை, கூடவே ஒரு பழக்கமும் வீட்டுக்கு வருகிறது.

உங்களில் பலர் நாளைக்கு இதே சாலையில் வேலைக்குப் போவீர்கள். ஐபோனே இங்கே பூட்டப்படுகிறது. இன்று பெரும்பாலான போன்களில் பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. சூடு காட்டித்தான் பிரிக்க வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசே 2022-இல் ஒரு குழு அமைத்தது. சட்டம் வரும்போது வரட்டும். வரைபடம் போடும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்தால், ஒரு ஸ்க்ரூ போடுவதா, பசை போடுவதா என்று ஒரு நாள் உங்களைக் கேட்பார்கள். அன்று எங்கள் அம்மாவை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். ஐந்து பேர் நம்பரை மனப்பாடம் செய்யுங்கள். ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். செலவு ஒன்றும் இல்லை. அந்த ஐந்தில் ஒருவராவது உங்கள் விடுதி நண்பராக இருக்கட்டும். முன்னாள் மாணவர் சங்கம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

மூன்றாவது வரிசை நண்பா, உன் டூ-இன்-ஒன்னுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். உன் நம்பர் எனக்கு இப்போது மனப்பாடம்.